கொங்கு நாட்டில் கிராவல் சைக்கிள்: இட்டேரி, வாய்க்கால் கரை, பழைய ஊர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார்ச் சாலையிலும் மண் தடத்திலும் சலிக்காமல் ஓடும்படி அகன்ற டயர் போட்ட சைக்கிளைத்தான் இங்கே கிராவல் சைக்கிள் என்கிறோம். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் அதை எங்கே ஓட்டலாம், எப்போது ஓட்டலாம், எது கெடும், வழியில் எந்தப் பழைய இடங்களைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். தூரங்கள் எல்லாம் தோராயம். இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடம்) ஒரு திருப்பம் மாறினாலே மூன்று கிலோமீட்டர் கூடிவிடும்.

கொங்கில் மண் தடம் இன்னும் மிச்சம் இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. மூன்று வகை. முதலாவது இட்டேரி: இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காடு எனும் வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி இவை வலைபோல ஓடுகின்றன. இரண்டாவது வாய்க்கால் கரை: கீழ்பவானி வாய்க்கால் மட்டும் பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கி.மீ. ஓடுகிறது, அதன் ஒரு கரையில் ஜீப் போகிற பராமரிப்புத் தடம் உண்டு. காலிங்கராயன் வாய்க்கால், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், உடுமலை – பொள்ளாச்சிப் பக்கம் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால்கள் தனி. மூன்றாவது, குளத்து ஏரிமேடும் ஆற்றங்கரைத் தடமும்.

இவற்றுள் இட்டேரிக்குத்தான் ஆபத்து. நிலம் மனையாகப் பிரியும்போது முதலில் மறைவது அதுதான். போன வருடம் நேராகப் போன தடத்தில் இந்த வருடம் கம்பிவேலி நிற்கலாம்.

எந்த மாதம் நல்லது?

கார்த்திகைப் பாதியிலிருந்து மாசி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புழுதி அடங்கி, செம்மண் இறுகிக் கிடக்கும். பங்குனிக்கு மேல் ஈரோடு, கரூர் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும், காலை 5.30-க்குக் கிளம்பி 10.30-க்குள் முடித்துக்கொள்பவர்கள் மட்டும் வரலாம். ஆனி, ஆடி, ஆவணியில் மழை குறைவு, காற்று அதிகம். அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

காற்று அவ்வளவு பெரிய விஷயமா?

மேட்டைவிடப் பெரிய விஷயம். மேற்குத்தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, பல்லடம், உடுமலை, தாராபுரம், காங்கயம் வரை நேராக வீசுகிறது. அந்தப் பக்கம் காற்றாலைகள் அடர்ந்து நிற்பதே சாட்சி. ஜூன் முதல் செப்டம்பர் பாதி வரை, விடியலில் கொஞ்சம் தணிந்திருக்கும் காற்று ஒன்பது மணிக்கு மேல் ஏறும், மாலை வரை இறங்காது. எதிர்காற்றில் சமதளத்தில் மணிக்கு 13 கி.மீ. போவதே பெரும்பாடு. பக்கக்காற்று அடித்தால் சரளையில் முன்சக்கரம் இழுக்கும்.

ஆகவே அந்த மாதங்களில் மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டுங்கள், திரும்பி வர ரயில் பிடியுங்கள். நிலமும் அதற்குத் தோதாகத்தான் சரிகிறது: கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், கரூர் சுமார் 120 மீட்டர். நொய்யல் ஓடுகிற சாய்வு இது. வட்டமாகச் சுற்றி வீட்டுக்கே வர வேண்டுமென்றால், முதல் பாதியை எதிர்காற்றில் விடிகாலையிலேயே முடிக்கும்படி திட்டமிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, உச்சிவெயிலில் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

எந்த டயர், எவ்வளவு காற்று?

700×40 (அகலம் 40 மி.மீ.) குறைந்தபட்சம், ஃபிரேமில் இடம் இருந்தால் 45 போடுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு, டியூப்லெஸ் 40 மி.மீ. டயரில் முன்னால் 28–30 பிஎஸ்ஐ, பின்னால் 32–34. டியூப் போட்டிருந்தால் இரண்டிலும் ஐந்தாறு கூட்டுங்கள். இல்லாவிட்டால் கல்லில் ஏறும்போது விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கிப் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு வெட்டு விழும். பின்னால் பை கட்டினால் பின்டயருக்கு மட்டும் 3–4 பிஎஸ்ஐ கூட்டினால் போதும்.

எம்டிபி (மலைத்தட சைக்கிள்) வைத்திருப்பவர்கள் தாராளமாக வரலாம். ஹைப்ரிட் சைக்கிளில் 38 மி.மீ. வரை போட முடிந்தால் வாய்க்கால் கரைக்குப் போதும், இட்டேரிக்குச் சிரமம். நம்மூர் 28×1½ டயர் போட்ட சாதாரண சைக்கிள்கூட 40 மி.மீ. அகலம்தான். பால்காரர்கள் பல வருடமாக அதே தடத்தில் அதைத்தான் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முள்ளை எப்படிச் சமாளிப்பது?

இந்தப் பகுதியில் பயணம் கெடுவதற்கு முதல் காரணம் முள்தான். எந்த முள் என்பதைப் பொறுத்துப் பரிகாரமும் மாறும்.

நெருஞ்சி மழைக்குப் பிறகு தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்கும். மார்கழி, தையில் காய்ந்து முள்ளாகச் சிதறும். ஒரே உருளலில் டயரில் பத்துப் பதினைந்து ஏறும், ஆனால் குட்டையானது. சீலன்ட் (துளையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றிய டியூப்லெஸ் டயருக்கு இது பொருட்டே இல்லை. டியூப் ஓட்டுபவருக்கு அன்றைய நாள் முடிந்தது.

வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேலமும், கொறங்காட்டு வெள்வேலும் நீள முள். இது 40 மி.மீ. டயரைத் துளைத்து உள்ளே போய் நுனி ஒடிந்து நிற்கும். டியூபை மாற்றிக் காற்றடித்து ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி இறங்குகிறதே என்று திகைப்பவர்கள், பெரும்பாலும் அந்த ஒடிந்த நுனியை எடுக்காமல் விட்டவர்கள். விரலில் துணி சுற்றி டயரின் உட்புறம் முழுக்க ஒரு சுற்றுத் தடவுங்கள்; துணி சிக்குகிற இடத்தில் முள் இருக்கும். வெளிப்பக்கமிருந்து பிடுங்க வராது. சின்ன இடுக்கி ஒன்று கருவிப்பையில் இருக்கட்டும், உள்ளிருந்து இழுத்தால் வரும்.

கிளுவை வேலியைக் கழித்த பிறகு சில நாள் இட்டேரி முழுக்க மிளார் கிடக்கும். அப்போது எந்த டயராலும் பயனில்லை, இறங்கித் தூக்கிக்கொண்டு தாண்டுங்கள்.

சீலன்ட் அளவு: 700×40-க்கு முதல் தடவை 80 மி.லி. அட்டைப்பெட்டியில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் நம்மூர் வெயிலில் இரண்டு மாதத்தில் பாதி உலர்ந்துவிடும். வெயில் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வின் உள்ளூசியைக் கழற்றி, மெல்லிய குச்சி விட்டுப் பாருங்கள். நனையவில்லை என்றால் 30 மி.லி. சேருங்கள். சைக்கிளை ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிறுத்தினால் சீலன்ட் கீழே தேங்கிக் கட்டியாகும், பிறகு சுற்றவே சுற்றாது.

முள்ளைப் பிடுங்கியதும் துளை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் நிறுத்தினால் தானே அடையும். அடையாத துளைக்கு ரப்பர் திரி. ஒரு ஆளுக்கு ஐந்து திரி, ஒரு டியூப், பம்பு. இரண்டு பேர் சேர்ந்து வந்தாலும் பம்பு ஆளுக்கொன்று.

டயரின் பக்கச்சுவர் கிழிகிறதே, அது எதனால்?

வெங்கச்சங்கல். செம்மண்ணில் வெள்ளையாக, கூர் விளிம்போடு கிடக்கும் அதே கல். ஒடிந்தால் கண்ணாடித் துண்டு மாதிரி வெட்டும், சீலன்ட் அடைக்காது. கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து டியூப் போட்டுத்தான் ஊர் சேர வேண்டும்; நான்கு விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கச்சுவருக்குத் தனிப் பாதுகாப்பு உள்ள டயர் கொஞ்சம் கனம், ஆனால் காங்கயம் பக்கம் அதுதான் சரி.

டயரைக் கிழிக்கும் இந்தக் கல்லின் உறவுக்காரர்களால்தான் இந்தப் பகுதி ஒரு காலத்தில் பேர் பெற்றது. நொய்யல் கரைக் கொடுமணலில் படிகக்கல், பச்சைக்கல், சூதுபவழம் எல்லாவற்றையும் அறுத்து மணி செய்திருக்கிறார்கள். காங்கயத்துக்கும் திருப்பூருக்கும் இடையில் இருக்கும் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. பழங்காலத்துச் சாமான் மாதிரி மின்னுகிற எதையும் எடுத்துப் பையில் போடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

முதல் முறை வருகிறேன். ஒரே நாளில் தடமும் பழைய இடங்களும் பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.

விஜயமங்கலத்தில் தொடங்கி ஈரோட்டில் முடியுங்கள். சுமார் 80 கி.மீ., அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மண் தடம், பெரிய மேடு இல்லை. மேற்கிலிருந்து கிழக்கே போவதால் ஆடியிலும் ஓட்டலாம்.

விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இருக்கிறது, உள்ளூரில் நெட்டைக்கோபுரம் என்று கேளுங்கள். காலையில் போனால் கோபுரத்தின் மேல் வெயில் விழும். அங்கிருந்து நெடுஞ்சாலையைத் தாண்டித் தெற்கே 15 கி.மீ. சொச்சம் வந்தால் கொடுமணல். இடையில் தோட்டத்து மண் தடங்களைப் பிடிக்கலாம், ஆனால் தோட்டத்துக்குள் போய் முட்டிக்கொள்ளும் தடங்கள் இங்கே அதிகம். வழி தவறினால் தார்ச் சாலையைப் பிடித்து வந்துவிடுவதே புத்தி.

கொடுமணலில் என்ன பார்க்கலாம் என்று பலர் ஏமாற்றத்தோடு கேட்கிறார்கள். 1980-கள் முதல் பலமுறை அகழாய்வு நடந்த இடம் இது. இரும்பு உருக்கிய உலை, மணி செய்த தொழிற்கூடம், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், பெருங்கற்காலக் கல்லறைகள் எல்லாம் கிடைத்தன. சங்கப் பாடல்கள் கொடுமணம் என்று குறிக்கும் ஊர் இதுதான் என்பார்கள். ஆனால் அகழ்ந்த குழிகளை மூடிவிடுவார்கள், பொருட்கள் அருங்காட்சியகங்களுக்குப் போய்விடும். நீங்கள் காண்பது வயல், மேடு, ஆங்காங்கே கல்வட்டம், பக்கத்தில் நொய்யல். முன்பே படித்துவிட்டு வந்தால் அந்த மேடு பேசும். படிக்காமல் வந்தால் வெறும் காடுதான்.

அடுத்து ஆற்றோடு கிழக்கே ஒரத்துப்பாளையம் அணை. நொய்யல் தண்ணீரில் கை கால் கழுவாதீர்கள், பாட்டிலில் பிடிக்கவே கூடாது. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதால் பேர் கெட்ட அணை இது. தரைப்பாலங்களில் பாசி வழுக்கும். முன்பிரேக்கைத் தொடாமல் நேராக உருட்டிப் போங்கள்.

அணையிலிருந்து சென்னிமலை. அங்கே சாப்பாடு, தண்ணீர், டயர் கடை எல்லாம் உண்டு. அதன் பிறகு கிழக்கே கீழ்பவானி வாய்க்கால் கரையைப் பிடித்தால் அறச்சலூர்ப் பக்கம் வரலாம். அன்றைய நாளின் நல்ல சவாரி இதுதான். ஒருபக்கம் வாய்க்கால், ஒருபக்கம் தென்னை, வேகம் தானாக 20-க்கு மேல் வரும்.

அறச்சலூர் நாகமலைக் குகையில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. த, தை, தா என்று ஆடலுக்கோ இசைக்கோ உரிய அசைகளைக் கட்டம் கட்டிப் பொறித்திருக்கிறார்கள். பொறித்தவர் பெயர் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று அதிலேயே இருக்கிறது. வண்ணக்கன் என்றால் பொன்னையும் மணியையும் சோதிப்பவர். காலையில் பார்த்த கொடுமணலோடு சேர்த்துப் பாருங்கள். குகைக்குச் சைக்கிளைக் கொண்டுபோக முடியாது. அடிவாரத்தில் பூட்டிவிட்டு நடங்கள், பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவோடு பாறையில் ஏறாதீர்கள்.

பக்கத்திலேயே ஓடாநிலை, தீரன் சின்னமலை மணிமண்டபம். 1805-இல் அவரைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்ட ஆடி 18-ஐ ஒட்டிப் பெருங்கூட்டம் கூடும். அன்று சைக்கிளுக்குச் சாலையில் இடம் இருக்காது, வேறு நாள் வையுங்கள். ஓடாநிலையிலிருந்து ஈரோடு சுமார் 25 கி.மீ.

வாய்க்கால் கரையில் போக அனுமதி வேண்டுமா? தண்ணீர் ஓடும்போது போகலாமா?

கரை நீர்வளத் துறையின் பராமரிப்புத் தடம். ஊர்க்காரர்கள் வண்டியில் போய்வருகிறார்கள், சைக்கிளை யாரும் மறிப்பதில்லை. ஆனால் சங்கிலி போட்டிருந்தாலோ, கரை வேலை நடந்தாலோ, துறை ஆட்கள் வேண்டாம் என்றாலோ பேசாமல் திரும்பிவிடுங்கள். அது வழக்கம் தானே தவிர உரிமை இல்லை.

கீழ்பவானியில் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர்; பாதிப் பாதியாக முறை வைத்து விடுவார்கள். அணையில் தண்ணீர் இருக்கும் வருடம் ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை ஒரு பாதிக்கு, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மறு பாதிக்கு. தண்ணீர் ஓடும்போது கரை குளிர்ச்சி, மண்ணும் இறுகியிருக்கும். தண்ணீர் இல்லாத மாதங்களில்தான் தூர் வாருவார்கள், கரை உடைப்பை அடைப்பார்கள். அப்போது மண்ணைக் கொட்டித் தடத்தை மூடியிருப்பார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: ஓடும் வாய்க்காலில் இறங்கிக் குளிக்காதீர்கள். கான்கிரீட் பூசிய சரிவில் காலை வைத்தால் வழுக்கும், ஏறப் பிடிமானம் கிடைக்காது. நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்துப் போயிருக்கிறது.

காலிங்கராயன் வாய்க்கால் வழி எப்படி?

பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம் நொய்யலில் முடியும், ஏறத்தாழ 90 கி.மீ. வாய்க்கால். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காலிங்கராயன் வெட்டியது, இன்றும் மஞ்சளுக்கும் கரும்புக்கும் நெல்லுக்கும் பாய்கிறது. மட்டம் பார்த்து வளைத்து வளைத்து வெட்டியதால் நேர்த்தூரத்தைவிட வாய்க்கால் தூரம் மிக அதிகம். கரையோடு முழுவதும் போக வேண்டுமென்றால் ஒரு நாள் போதாது.

எங்கள் கருத்து: பவானியில் சங்கமேஸ்வரர் கோயிலையும் அணைக்கட்டையும் பாருங்கள், ஈரோடு நகரை ஒட்டிய பகுதியைச் சாலையில் தாண்டிவிடுங்கள். அங்கே சாய, தோல் கழிவும் குப்பையும் நாற்றமும். நகருக்குத் தெற்கே வந்ததும் கரையில் ஏறுங்கள், கொடுமுடி வரை வயலும் வாய்க்காலும்தான். ஆண்டில் ஏறத்தாழ பத்து மாதம் தண்ணீர் ஓடுவதால் கரை பல இடத்தில் ஈரமாக இருக்கும், கரும்பு லாரி போன சக்கரத் தடம் முழங்கால் ஆழம். 45 மி.மீ. டயருக்கு ஏற்ற வழி.

கொடுமுடி மகுடேசுவரர் காவிரிக் கரையில். இன்னும் தெம்பு இருந்தால் 15 கி.மீ. போல் கிழக்கே புகழூர். அங்கே ஆறுநாட்டான் மலையில் சேர இரும்பொறை மன்னர்களின் பெயர் சொல்லும் தமிழிக் கல்வெட்டுகளும் சமணத் துறவியர் படுக்கைகளும் இருக்கின்றன. அங்கிருந்து கரூர் போய் ரயில் பிடிக்கலாம்.

கொறங்காட்டு இட்டேரிகளை எங்கிருந்து தொடங்குவது?

காங்கயம். சிவன்மலையைச் சுற்றி, தெற்கே ஊதியூர், அங்கிருந்து தாராபுரம் என்று ஒரு கோடு போட்டால் சாலையில் 35 கி.மீ. வரும், இட்டேரிகளில் வளைந்து போனால் 50 ஆகும். இந்த வழியில் பார்க்க வேண்டியது கட்டடம் இல்லை, நிலம். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம், சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே காங்கயம் மாடும் செம்மறியும். மழை குறைந்த மண்ணில் மேய்ச்சலை இப்படி அடைத்துக் காப்பது இங்கத்திய விவசாயிகளின் பழைய ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் பழையகோட்டை மாட்டுச்சந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத்தாவணி.

கொறங்காட்டுக் கடவில் படல் கட்டியிருக்கும். திறந்து போக வேண்டிய நிலை வந்தால் முதலில் கேளுங்கள், போனதும் இருந்தபடியே கட்டுங்கள். நீங்கள் திறந்து போட்ட படலால் பத்து மாடு பக்கத்துச் சோளக்காட்டில் இறங்கினால், அடுத்து வரும் சைக்கிள்காரனுக்குத் தடியடிதான்.

இட்டேரி ஓரங்களில் புலிகுத்திக்கல் நிற்கும்: ஒரு வீரன் புலியோடு பொருதுகிற சிற்பம். பல கற்களுக்கு இன்றும் பூசை உண்டு. சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுக்காதீர்கள்.

கல்குவாரிகள் உள்ள பகுதியில் டிப்பர் லாரி மண் சாலையில் வேகமாக வரும். புழுதியில் ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

உடுமலை, அமராவதிப் பக்கம்?

அழகான பக்கம், தென்னை, வாய்க்கால், தெற்கே மலை. கொழுமம், கடத்தூர் என்று அமராவதிக் கரைக் கோயில்களைத் தொட்டு மடத்துக்குளம் வரை ஓட்டலாம். ஆனால் பல இடங்களில் கருமண். மழை பெய்த மூன்று நாளைக்கு அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

கருமண்ணில் மாட்டிக்கொண்டால்?

மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். ஈரக் கருமண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையில் அடைத்து, இருபது அடியில் சக்கரம் சுற்றாது. அப்போதும் பலத்தைப் போட்டு மிதித்தால் மண்ணும் புல்லும் பின்கியர் மாற்றியில் (டிரெய்லியர்) சுற்றி, அதைத் தாங்கும் ஹேங்கர் ஒடியும். அந்தச் சின்ன அலுமினியத் துண்டு சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும், ஈரோட்டிலும் கிடைக்காது; உங்கள் சைக்கிளுக்கானதை வாங்கிப் பையில் வையுங்கள். குச்சியால் வழித்துவிட்டு, புல் உள்ள ஓரமாகத் தூக்கி நடங்கள். செம்மண் அப்படி இல்லை, மழை விட்டு ஒரு நாளில் ஓட்டலாம்.

ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டைச் சைக்கிளில் போய்ப் பார்க்கலாமா? சத்தியமங்கலம் காடு?

கோவைக்கு மேற்கே, சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் மலையில் இருக்கும் அந்தச் சோழர் காலக் கல்வெட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுக்குப் போன பெருவழியின் அடையாளம். ஆவல் வருவது நியாயம்தான். ஆனால் அது யானை நடமாடும் காட்டோரம். வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. சத்தியமங்கலம், ஆனைமலைப் புலிகள் காப்பகங்களின் உள்தடங்களும் அப்படித்தான். காட்டோரத் தோட்டங்களில் மாலை ஐந்துக்கு மேலும் விடியலுக்கு முன்பும் ஓட்டாதீர்கள். சைக்கிள் சத்தமில்லாமல் வரும், யானைக்கு நீங்கள் வருவது தெரியாது என்பதுதான் சிக்கல். பேரூர் பட்டீசுவரரோடு நிறுத்திக்கொண்டு கிழக்கே திரும்புங்கள்.

தடத்தை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு பச்சைக்கோடு, நடுவில் வெளிறிய கோடு என்றால் இட்டேரி. ஒற்றைக்கோடு என்றால் வெறும் வேலி. அந்தக் கோடு இரண்டு பக்கமும் ஏதாவது சாலையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு வீட்டுக் களத்தில் முடிந்தால் விட்டுவிடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் விட்டு விட்டு வரையப்பட்ட கோடுகளும் உதவும். வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று குறித்திருந்தால் அது பொதுவழி.

கடைசியில் ஆளைக் கேட்பதுதான் உறுதி. “இந்தத் தடம் போகுமுங்களா?” என்று கேட்டால் “போகுமுங்க” என்றுதான் பதில் வரும். “ஏனுங்க, இந்தத் தடத்துல டிராக்டர் அந்தப் பக்கம் ஊருக்குப் போயிருமுங்களா, தோட்டத்தோட நின்னுருமுங்களா?” என்று கேளுங்கள். சரியான விவரம் கிடைக்கும்.

தண்ணீரும் சாப்பாடும்?

மணிக்கு 700 மி.லி. என்று கணக்குப் போடுங்கள். சைக்கிளில் 750 மி.லி. பாட்டில் இரண்டு, பையில் ஒரு லிட்டர். காங்கயம் – மூலனூர் இட்டேரிகளில் இரண்டு மணி நேரம் கடையே வராது. திருப்பூர், நொய்யல் ஓரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உப்பு. கேன் தண்ணீர் கேளுங்கள். இளநீர் எங்கும் உண்டு, உப்பு போட்ட மோரும் கம்மங்கூழும் அதைவிட வேலை செய்யும்.

நாய் துரத்தினால்?

தோட்டத்து நாய் தன் எல்லை வரைதான் வரும். வேகமெடுத்தால் அதுவும் எடுக்கும். இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பத்தடியில் நின்றுவிடும். கடித்தால், சிறு கீறலானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போடுங்கள்.

வழியில் பழுது பார்க்க முடியுமா?

பஞ்சர் கடை ஊருக்கு ஊர் இருக்கிறது, ஆனால் அங்கே கம்பிரசர் முனை ஷ்ரேடர் வால்வுக்குத்தான் (மோட்டார் சைக்கிளில் இருப்பது) பொருந்தும். மெல்லிய பிரெஸ்டா வால்வு வைத்திருப்பவர்கள் குறைந்த காசில் கிடைக்கும் அடாப்டரை வால்விலேயே மாட்டி வையுங்கள். கம்பிரசரில் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். லாரி டயருக்கு அடிப்பதுபோல் அடித்தால் டயர் விளிம்பை விட்டு எகிறும். ஹைட்ராலிக் பிரேக், கிராவல் டயர் போன்றவை கோவை, திருப்பூர், ஈரோட்டில்தான்.

செம்மண் புழுதியில் ஈர எண்ணெய் போட்ட சங்கிலி அரைமணியில் தேய்ப்புத்தாள் ஆகிவிடும். மெழுகு அல்லது உலர் எண்ணெய் போடுங்கள், கிளம்பும் முன் துணியால் துடையுங்கள்.

பழைய இடங்களில் என்ன கவனிக்க வேண்டும்?

பெரும்பாலான கோயில்கள் பகல் 12-க்கு மேல் நடை சாத்தி நான்கு மணிபோல்தான் திறக்கும். அதற்கேற்ப வழியை அடுக்குங்கள். இறுக்கமான சைக்கிள் உடைக்கு மேல் சுற்றிக்கொள்ள ஒரு வேட்டியோ துண்டோ இருந்தால் உள்ளே போகலாம். கொடுமணல் போன்ற இடங்களில் மழைக்குப் பிறகு மணியும் பானை ஓடும் மேலே தெரியும். எடுப்பது சட்டப்படி குற்றம். தவிர, இடத்தைவிட்டு நகர்ந்த பொருள் ஆய்வாளருக்கு எதையும் சொல்லாது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கல்வட்டத்துக்குள் டயரை உருட்டாதீர்கள்.

திரும்பி வர ரயிலில் சைக்கிளை ஏற்றலாமா?

சரக்குப்பெட்டி உள்ள ரயிலில் பார்சல் அலுவலகத்தில் பதிந்து ஏற்றலாம். ஈரோடு, கரூர், கோவை போன்ற பெரிய நிலையங்களில் மட்டும் நம்புங்கள். ரயில் புறப்பட ஒரு மணி நேரமாவது முன்னால் போங்கள். விளக்கு, மீட்டர், பை எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு, கியர் மாற்றி இருக்கும் பக்கம் மேலே வரும்படி சாய்க்கச் சொல்லுங்கள். ரயில் தோதுப்படாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து சின்ன யானை எனும் சிறு சரக்கு வண்டி பிடிப்பது சுலபம்; சைக்கிள்களுக்கு இடையில் பழைய சாக்கு வைத்துக் கட்டுங்கள், இல்லையென்றால் முள்ளிடம் தப்பிய பெயின்ட் பெடலிடம் போகும்.